வீட்டு நீச்சல் குளத்துக்கு வெயில் சூடு: எதில் காசு போடலாம், எதில் வேண்டாம்

கோயம்புத்தூரில் வீட்டோடு நீச்சல் குளம் கட்டியவர்களில் பலர் மார்கழி பிறந்ததும் அதில் இறங்குவதையே விட்டுவிடுகிறார்கள். ராத்திரி குளிர் 18, 19 டிகிரிக்கு வந்துவிடும். குளத்துத் தண்ணீர் 23 டிகிரி பக்கத்திலேயே நிற்கும். வேகமாக நீந்துகிற இளைஞருக்கு அது பெரிய தொந்தரவு இல்லை. முட்டி வலிக்காகத் தண்ணீருக்குள் நடக்கிற பாட்டியும், இப்போதுதான் நீச்சல் பழகும் பிள்ளையும் கொஞ்ச நேரத்திலேயே நடுங்கிக்கொண்டு கரையேறிவிடுவார்கள். சர்வதேசப் போட்டிக் குளங்களுக்கே 25 முதல் 28 டிகிரி என்று விதி இருக்கிறது. குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் 29, 30 இருந்தால்தான் சுகம். ஆக நமக்கு வேண்டியது ஐந்து டிகிரி ஏற்றம், மிஞ்சிப் போனால் ஏழு.

ஐந்து டிகிரிதானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும். 1 யூனிட் மின்சாரம் முழுக்க வெப்பமாக மாறினால் 860 லிட்டர் தண்ணீர் 1 டிகிரி சூடாகும். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரியாக ஒன்றேகால் மீட்டர் ஆழம் உள்ள குளம் 40,000 லிட்டர் பிடிக்கும். அதை ஒரே ஒரு டிகிரி ஏற்ற 46 யூனிட்டுக்கு மேல் வெப்பம் வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க இதே குளத்தை வைத்துத்தான் பேசப் போகிறேன். உங்கள் குளம் சிறியதோ பெரியதோ, அதே விகிதத்தில் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பலரும் முதலில் கேட்பது, மாடியில் ஏற்கெனவே இருக்கும் சோலார் வாட்டர் ஹீட்டரைக் குளத்தோடு இணைத்துவிடலாமா என்பதுதான். 200 லிட்டர் ஹீட்டர் 25 டிகிரித் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுபோனால் அது சேர்த்த வெப்பம் சுமார் 8 யூனிட். அதை அப்படியே குளத்தில் கொட்டினால் ஏறுவது ஒரு டிகிரியில் ஆறில் ஒரு பங்கு. கையில் பட்டால் சுடுகிற தண்ணீர் என்பதால் நிறைய வெப்பம் இருப்பதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். குளத்துக்கு வேண்டியது கொஞ்சம் கொதிநீர் அல்ல, நிறைய வெதுவெதுப்பு. எதைத் தேர்ந்தெடுப்பது என்ற முடிவு பெரும்பாலும் இந்த இடத்திலேயே தெளிந்துவிடும்.

சிலிண்டரோடும் ஒப்பிட்டுவிடலாம். 14.2 கிலோ கேஸ் முழுக்க எரிந்தால் 180 யூனிட் அளவுக்கு வெப்பம் தரும். பாய்லரில் வீணாவது போக, ஒரு சிலிண்டருக்கு மூன்று டிகிரி ஏறும். மறுநாள் காலையில் அதில் பாதிக்கு மேல் போயிருக்கும். நேரடி எலக்ட்ரிக் ஹீட்டரும் இதே கதிதான். இரண்டையும் இத்தோடு விட்டுவிடலாம்.

முதலில் சூடு போகிற வழியை அடைப்போம்

ஏற்றிய சூடு எங்கே போகிறது என்று பார்க்காமல் ஹீட்டர் வாங்கினால் பணம் நிற்காது. குளத்துச் சூட்டில் பெரும்பகுதி தரைக்குள்ளோ சுவருக்குள்ளோ போவதில்லை, மேற்பரப்பிலிருந்து ஆவியாகிப் போகிறது. மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ அப்படித்தான் குளமும் குளிர்கிறது. நம் குளத்தின் மேற்பரப்பு 32 சதுர மீட்டர். அதில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியானால் 32 லிட்டர் போகும்; கூடவே சுமார் 22 யூனிட் வெப்பமும் போகும். அதாவது ஏறத்தாழ அரை டிகிரி. காற்றடிக்கிற நாளில் ஐந்து மில்லிமீட்டர் குறைவது சாதாரணம். அப்படியானால் இரண்டு டிகிரிக்கு மேல் ஒரே நாளில் காலி.

கோவைக்காரர்களுக்கு இதில் கூடுதல் பாதிப்பு உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஆனி, ஆடி மாதங்களில் ஓயாமல் அடிக்கும். அதனால்தான் பகலில் வெயில் அடித்தும் ஜூலையில் இங்கே பல குளங்கள் சில்லென்று இருக்கின்றன. வேப்ப வேலியோ, காற்று வரும் மேற்குப் பக்கம் ஒரு ஆள் உயரச் சுவரோ இருந்தால் அதுவே தண்ணீரைக் காப்பாற்றும். வேலி வளரக் காலம் பிடிக்கும். சுவரும் எல்லோராலும் எழுப்ப முடியாது. உடனே செய்யக்கூடியது பபுள் கவர்.

பபுள் கவர் என்பது குமிழ் குமிழாக இருக்கும் கனமான பிளாஸ்டிக் விரிப்பு. குமிழ்ப் பக்கம் தண்ணீரைத் தொடும்படி மிதக்கவிட வேண்டும். ஆவியாதல் கிட்டத்தட்ட நின்றுவிடும். வெயிலில் பெரும்பங்கை உள்ளே விடவும் செய்யும். நம் குளத்தின் மேல் ஒரு நல்ல வெயில் நாளில் விழும் சூரிய சக்தி 160 யூனிட் அளவுக்கு வரும். மாடியில் எந்தப் பேனல் வைத்தாலும் இவ்வளவு பெரிய பரப்பு கிடைப்பது கடினம். குளமே பெரிய சோலார் ஹீட்டர்தான். பகலில் வாங்கியதை ராத்திரியில் தொலைக்கிறது, அதுதான் கோளாறு. மாலையில் மூடி, குளிக்கும்போது மட்டும் திறந்தால், வேறு எதுவும் வாங்காமலே இரண்டு மூன்று டிகிரி கூடும். அமெரிக்க எரிசக்தித் துறை, கவர் போட்டால் குளத்தைச் சூடாக்கும் செலவில் 50 முதல் 70 சதவீதம் மிச்சமாகும் என்று சொல்கிறது. வறண்ட காற்றடிக்கும் நம் ஊரிலும் அது நம்பக்கூடிய கணக்குதான். லாரித் தண்ணீர் வாங்கி நிரப்புகிறவர்களுக்குத் தண்ணீர்ச் செலவும் குறையும், குளோரின் செலவும் குறையும்.

கவரில் இரண்டு விஷயத்தைக் கட்டாயம் கவனியுங்கள். 32 சதுர மீட்டர் கவரை ஒருவர் கையால் மடிப்பது நடக்கிற காரியமில்லை. உருளையோடு சேர்த்து வாங்காவிட்டால் இரண்டே வாரத்தில் அது ஓரத்தில் சுருண்டு கிடக்கும். இரண்டாவது இதைவிட முக்கியம்: பபுள் கவர் பாதுகாப்பு மூடி அல்ல. அதன்மேல் கால் வைக்கும் குழந்தை நேராகத் தண்ணீருக்குள் போய்விடும், மேலே கவர் மூடிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே ஆள் இருப்பதே தெரியாது. குளத்தைச் சுற்றித் தாழ்ப்பாள் போட்ட வேலி இல்லாத வீட்டில் கவர் போடவே போடாதீர்கள். பாதி திறந்து, பாதி மூடி நீந்துவதும் கூடாது. அப்புறம், ஷாக் குளோரின் (தண்ணீரைச் சுத்தமாக்க ஒரேயடியாகக் கூடுதலாகப் போடும் குளோரின்) போட்ட அன்று கவரைத் திறந்தே வைத்திருங்கள். இல்லாவிட்டால் பிளாஸ்டிக் சீக்கிரம் பொடிந்துவிடும்.

தண்ணீரில் ஊற்றுகிற திரவக் கவர் என்று ஒன்றும் விற்கிறார்கள். காற்று இல்லாத உள்ளரங்கக் குளத்தில் கொஞ்சம் பயன்படும். கோவைக் காற்றில் அந்தப் படலம் நிற்காது.

கறுப்பு பாய்

கவருக்குப் பிறகு வெளியிலிருந்து சூடு சேர்க்க வேண்டும் என்றால், விலை குறைந்த வழி கண்ணாடி மூடாத கறுப்புப் பேனல். ரப்பரிலோ பாலிபுரொப்பிலீனிலோ செய்த பாய் மாதிரி இருக்கும், உள்ளே நெருக்கமாகச் சிறு குழாய்கள் ஓடும். வடிகட்டி வழியாக வரும் தண்ணீர், வழக்கமான மோட்டாராலேயே மாடிக்கு ஏறி, பாயில் ஓடி, குளத்துக்குத் திரும்பும். தனி டேங்க் கிடையாது, குளம்தான் டேங்க்.

கண்ணாடி இல்லாதது குறையாகத் தோன்றலாம், குளத்துக்கு அதுதான் வசதி. பேனலில் ஓடும் தண்ணீர் 28 டிகிரி, சுற்றியுள்ள காற்று 29 டிகிரி என்றால் வெளியே போக வெப்பம் எதுவும் இல்லை. பிறகு கண்ணாடி எதற்கு? வெயிலில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்புவதைத் தவிர அது வேறு எதுவும் செய்யாது. வீட்டு சோலார் ஹீட்டரில் வரும் வாக்குவம் டியூப் மாடல், கண்ணாடி மூடிய தட்டை மாடல் இரண்டும் 60 டிகிரித் தண்ணீருக்காகச் செய்யப்பட்டவை. அந்த வேலையில் அவை சிறந்தவை. குளத்தில் அவற்றுக்குப் போடும் கூடுதல் பணத்துக்குப் பலன் இல்லை. அதோடு, செம்புக் குழாய் உள்ள மாடலில் குளோரின் தண்ணீரை நேரடியாக விட்டால் செம்பு அரித்துக் கரையும், குளத்தில் பச்சைக் கறை படியும். அதைத் தவிர்க்க வெப்பப் பரிமாற்றி (இரண்டு தண்ணீரும் கலக்காமல் சூட்டை மட்டும் மாற்றும் கருவி), இன்னொரு பம்பு என்று செலவு வளரும். போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் பகுதிகளில் சூடான டியூபுக்குள் உப்பு படிவதும் அதிகம். வாக்குவம் டியூபைக் குளத்துக்கு வாங்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், ஊட்டிக் குளிரில் இருப்பவர்களைத் தவிர.

எவ்வளவு பாய் வேண்டும்? குளத்தின் மேற்பரப்பில் பாதி முதல் முழு அளவு வரை என்பது பொதுவான விதி. நம் குளத்துக்கு 20 சதுர மீட்டர் என்று வைப்போம். தமிழ்நாட்டில் ஒரு சதுர மீட்டரில் நாளுக்கு ஏறத்தாழ 5 யூனிட் வெயில் விழும். 20 சதுர மீட்டரில் 100 யூனிட். அதில் 60 குளத்துக்கு வந்தால் நாளொன்றுக்கு 1.3 டிகிரி. கவர் இல்லாமல் 28 டிகிரியில் நிறுத்த நாளுக்கு 100 யூனிட்டுக்கு மேல் கேட்கும், அப்போது இந்தப் பாய் பாதி வழியிலேயே நின்றுவிடும். கவர் இருந்தால் இதே பாய் போதும். இரண்டும் சேர்ந்துதான் ஒரு ஏற்பாடு. பாய் மட்டும் வாங்கிவிட்டு "சோலார் சரியாக வேலை செய்யவில்லை" என்று சொல்கிற வீடுகளில் பெரும்பாலும் குளம் ராத்திரியில் திறந்து கிடக்கும்.

இன்னொரு புகாரும் அடிக்கடி வரும்: திரும்பி வரும் தண்ணீர் சூடாகவே இல்லை, கை வைத்தால் வித்தியாசமே தெரியவில்லை என்று. அது நல்ல அறிகுறி. தண்ணீர் வேகமாக ஓடி மூன்று நான்கு டிகிரி மட்டும் ஏறி வர வேண்டும். வால்வைக் குறைத்து மெதுவாக ஓடவிட்டால் வரும் தண்ணீர் சுடும், ஆனால் பாய் சூடேறி, அந்தச் சூட்டைக் காற்றுக்குக் கொடுத்துவிடும். மொத்தத்தில் குளத்துக்கு வருவது குறையும்.

பாயைத் தரையோடு படுக்க வைத்தாலும் ஓடும். ஆனால் நமக்குச் சூடு வேண்டிய மார்கழி, தை மாதங்களில் கோவையில் நடுப்பகல் சூரியன் தெற்கே சாய்ந்து 56 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். 20, 25 டிகிரி தெற்குச் சாய்வு கொடுத்தால் அந்த மாதங்களில் கணிசமாகக் கூடுதலாகக் கிடைக்கும். காற்று நேராக மோதும் இடத்தில் வைக்காதீர்கள். கண்ணாடி இல்லாத பாய்க்குக் காற்றுதான் எதிரி. மாடிக் கைப்பிடிச் சுவரின் மறைவு நல்ல இடம், அதன் நிழல் விழாத தூரத்தில்.

மோட்டார் ஓடும் நேரத்தையும் மாற்ற வேண்டும். வடிகட்டலை விடியற்காலையில் ஓடவிடும் வீடுகளில் அதைக் காலை ஒன்பது முதல் மூன்று வரை என்று வைத்தாலே போதும், மின்செலவு பெரிதாக ஏறாது. மாடியில் ஒன்று, குளத்தில் ஒன்று என்று இரண்டு சென்சாரும் தானியங்கி வால்வும் உள்ள கன்ட்ரோலர் வைத்தால், மேகம் வந்ததும் தண்ணீர் மாடிக்குப் போகாமல் நேரே குளத்துக்கே திரும்பும்.

இந்தப் பாய்க்கு நம் ஊர் மாதிரி வெயில் ஊர்களில் இன்னொரு லாபமும் உண்டு. சித்திரை, வைகாசியில் குளத்துத் தண்ணீர் இளஞ்சூடாகி, நீந்தினால் களைப்புதான் மிச்சம் என்றாகிவிடும். பாசியும் வேகமாகப் பிடிக்கும். அப்போது இதே பாயில் ராத்திரியில் தண்ணீரை ஓடவிட்டால், தெளிந்த வானத்துக்கு வெப்பத்தைக் கொடுத்து அது குளிர்ந்து வரும். கண்ணாடி மூடிய எந்த மாடலாலும் இதைச் செய்ய முடியாது.

சொந்தக் கையால் செய்தால்?

கறுப்பு பைப்பை மாடியில் சுருட்டி வைத்துச் செய்யலாமே என்பவர்களுக்கு: செய்யலாம், வேலை செய்யும். சித்திரை மதியத்தில் கறுப்பு சின்டெக்ஸ் டேங்கிலிருந்து வரும் தண்ணீர் எவ்வளவு சுடும் என்று எல்லோருக்கும் தெரியும். சிக்கல் அளவில்தான் இருக்கிறது. 25 மில்லிமீட்டர் பைப் 100 மீட்டர் போட்டாலும் வெயில் படும் பரப்பு இரண்டரை சதுர மீட்டர். 20 சதுர மீட்டர் வேண்டும் என்றால் 800 மீட்டர். அதையும் ஒரே சுருளாகப் போட்டால் மோட்டாரால் தள்ள முடியாது; பல வரிசைகளாகப் பிரிக்க வேண்டும்.

கொங்கு நாட்டில் எளிதாகக் கிடைப்பது 16 மில்லிமீட்டர் சொட்டுநீர் லேட்டரல் குழாய், துளை போடாதது. விலை குறைவு, வெயில் தாங்கும். 5 மீட்டர் துண்டுகளாக வெட்டி அடுக்கினால் 20 சதுர மீட்டருக்கு 250 துண்டுகள் வரும். மேலும் கீழும் தலைக்குழாயில் மாட்ட 500 இணைப்புகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குரோமெட் (ஒழுகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்), ஒரு டேக்-ஆஃப் (குழாயைச் செருகும் முனை). தோட்டத்தில் சொட்டுநீர் போட்டுப் பழகிய கை இருந்தால், இரண்டு சதுர மீட்டரில் தொடங்கி வருஷா வருஷம் கூட்டிக்கொண்டே போகலாம். அந்தப் பழக்கம் இல்லாதவர்கள் 500 ஒழுகல்களைத் தேடி மாடியில் உட்கார வேண்டாம். தொழிற்சாலைப் பாயே கடைசியில் மலிவு.

கரன்ட் பேனலும் ஹீட் பம்பும்

உண்மையான போட்டி இங்கேதான். ஹீட் பம்ப் என்பது ஏ.சி.யின் வேலையைத் திருப்பிச் செய்வது: வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும். நம் ஊர்ப் பகல் காற்றில் 1 யூனிட் மின்சாரத்துக்கு 5 யூனிட் வெப்பம் எதிர்பார்க்கலாம். மேலே சொன்ன 60 யூனிட் வெப்பத்துக்கு 12 யூனிட் மின்சாரம் போதும். தமிழ்நாட்டில் வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஒரு கிலோவாட் பேனல் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும், ஆக 3 கிலோவாட்.

இடக்கணக்கைப் பாருங்கள். இன்றைய பேனலில் 3 கிலோவாட்டுக்கு 15 சதுர மீட்டர் போதும். கறுப்புப் பாய்க்கு 20 வேண்டியிருந்தது. அதாவது குறைந்த இடத்தில் அதே சூடு. அதைவிடப் பெரிய விஷயம், குளத்துக்குச் சூடு வேண்டாத எட்டு மாதமும் இந்தப் பேனல் வீட்டு ஈ.பி. பில்லைக் குறைத்துக்கொண்டிருக்கும். கறுப்புப் பாய் அந்த எட்டு மாதமும் பெரும்பாலும் சும்மா கிடக்கும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் வீட்டுப் பேனலுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. மாடியில் பேனல் போட எப்படியும் நினைத்திருந்த வீட்டுக்கு, குளத்துச் செலவு என்பது ஹீட் பம்பின் விலை மட்டும்தான்.

ஆனால் பேனல் இல்லாமல் ஹீட் பம்ப் மட்டும் வாங்கினால் கதை வேறு. நாளுக்கு 12 யூனிட் என்றால் இரண்டு மாதப் பில்லில் 720 யூனிட் கூடும். குளம் வைத்திருக்கும் வீட்டில் ஏற்கெனவே ஏ.சி. ஓடும். இந்த 720 போய் உட்காருவது மேல் ஸ்லாபில். 1000 யூனிட்டைத் தாண்டினால் ஒரு யூனிட் 11 ரூபாய்க்கு மேல். வாங்கும்போது விற்பவர் சராசரி விலையை வைத்துக் கணக்குக் காட்டுவார். நீங்கள் கடைசி ஸ்லாப் விலையைப் போட்டுப் பாருங்கள்.

ஹீட் பம்புக்கு கம்ப்ரெஸர், விசிறி, எலக்ட்ரானிக் போர்டு என்று பழுதாகக்கூடிய பாகங்கள் இருக்கின்றன. சத்தமும் உண்டு, பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னல் ஓரம் வைத்தால் மனஸ்தாபம் வரும். சுற்றிலும் காற்றோட்டம் வேண்டும்; மோட்டார் ரூமுக்குள் அடைத்து வைத்தால் அது வெளியே தள்ளும் குளிர்ந்த காற்றையே திரும்ப இழுத்துத் திணறும். கறுப்புப் பாயில் கெட்டுப்போக அதிகம் ஒன்றும் இல்லை. நல்ல பாய் 10 வருஷத்துக்கு மேல் உழைக்கும், ஓட்டை விழுந்தால் அந்த ஒரு குழாயை அடைத்துவிட்டு மேலே ஓட்டலாம்.

ஆக, குளிர்கால நான்கு மாதத்தையும் ஆடிக் காற்றையும் சமாளித்தால் போதும், மாடியில் இடம் இருக்கிறது, கையிருப்பு குறைவு என்றால் கவரும் கறுப்புப் பாயும்தான் என் தேர்வு. மாடி சிறியது, கரன்ட் பேனல் போடும் எண்ணமும் இருக்கிறது, வயதானவர்களுக்கு மழை நாளிலும் 30 டிகிரி உறுதியாக வேண்டும் என்றால் ஹீட் பம்ப். பாய்க்கு மேகம் மூடினால் அன்றைக்கு விடுமுறை. ஹீட் பம்புக்கு அப்படியில்லை. வார இறுதியில் மட்டும் இறங்குகிற வீட்டுக்குக் கவர் ஒன்றே போதும். அவர்கள் அதற்கு மேல் செலவழிக்க நான் காரணம் காணவில்லை.

ஏற்காட்டிலும் கொடைக்கானலிலும் குளம் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே பகல் காற்றே குளத்து இலக்கைவிடப் பல டிகிரி குறைவு. கண்ணாடியில்லாத பாய், வெயிலில் வாங்கிய சூட்டில் பாதியை இழக்கும், ஹீட் பம்பின் ஐந்து மடங்கும் மூன்று, நான்காகக் குறையும். அங்கே குளத்துக்குக் கூரை போடுவதுதான் முதல் செலவாக இருக்க வேண்டும்.

விலைப்பட்டியல் வாங்கும்போது "எத்தனை டிகிரி ஏறும்?" என்று கேட்டால் எல்லோரும் ஒரு நல்ல எண்ணைச் சொல்வார்கள். எத்தனை சதுர மீட்டர், நாளுக்கு எத்தனை யூனிட் வெப்பம், எந்த மாதத்து வெயிலுக்கு, கவரோடா கவர் இல்லாமலா என்று எழுத்தில் கேளுங்கள். வந்த யூனிட்டை உங்கள் குளத்தின் ஒரு டிகிரிக்கு வேண்டிய யூனிட்டால் வகுத்தால் நாளொன்றுக்கு எத்தனை டிகிரி என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம். அதற்கு முன், கவர் மட்டும் வாங்கிப் போட்டு, ஒரு மார்கழி முழுக்கக் காலையில் தெர்மாமீட்டரை இறக்கிக் குறித்து வையுங்கள். அந்தக் குறிப்போடு போனால் தேவைக்கு மேல் பேனலை உங்கள் தலையில் யாரும் கட்ட முடியாது.